தாயைப் பார்க்கணும்

ஸ்ரீவைகுண்டத்தில் எங்கள் மாவு மில்லுக்கு நேர் எதிரேதான் கால்நடை மருந்தகம். நடுவில் ஒரு தெருவும் ஒரு வேப்பமரமும். மில் வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தால் அங்கே யார் வருகிறார்கள், எதைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள், வரும்போது முகம் எப்படி இருக்கிறது, போகும்போது எப்படி இருக்கிறது என்று எல்லாம் தெரியும். எனக்கு ஆட்களோடு பேசத்தான் கூச்சம். பார்ப்பதற்குக் கூச்சம் கிடையாது.

அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் டாக்டரம்மாவை எனக்குத் தெரியும். பேர் சொல்லி எழுதினால் அவருக்குப் பிடிக்காது. டாக்டரம்மா என்றே இருக்கட்டும்.

குள்ளமான உருவம். சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, மேலே ஆம்பிளைச் சட்டை ஒன்றைப் போட்டிருப்பார். ஆடு, மாடு, கோழி எது வந்தாலும் நேரே போய்க் கை வைத்துவிடுவார். நாய் வந்தால் மட்டும் அப்படி இல்லை. நாயை மேசையில் ஏற்ற விடமாட்டார். கொண்டுவந்த ஆளின் முகத்தைப் பார்த்து முதலில் ஒரு கேள்வி கேட்பார்.

"இதோட தாய் எங்க இருக்கு?"

வந்தவர்களுக்கு ஒன்றும் புரியாது. நாய் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை என்று பதறிக்கொண்டு வந்தவரிடம் நாயின் அம்மாவை விசாரித்தால் கோபம் வருமா வராதா?

"எனக்கு எப்படிம்மா தெரியும்? நான் என்ன இதுக்குப் பிரசவமா பார்த்தேன்?" என்று ஒருவர் கத்தினார்.

"குட்டியத் தூக்கிட்டு வரும்போது பக்கத்துல ஒண்ணு நின்னிருக்கும்லா. அதத்தான் கேக்கேன். அது எப்படி நடந்துச்சு, தோல் எப்படி இருந்துச்சு, கண்ணுல தண்ணி வடிஞ்சுதா? பார்த்தீங்களா, பார்க்கலையா?"

"பார்க்கல."

"குட்டியோட மூஞ்சியப் பார்த்து மயங்கிட்டீங்க. சரி, மேசையில தூக்கி வைங்க."

மரத்தடியில் டீக்கடை வைத்திருந்தவர் அவருக்கு 'சம்பந்தம் பேசுத டாக்டர்' என்று பேர் வைத்துவிட்டார். பொண்ணு எடுக்கப் போகிறவர்கள் பொண்ணின் அம்மாவை விசாரிக்கிற மாதிரியே விசாரிக்கிறார் என்று. டாக்டரம்மா காதுக்கும் அது போயிற்று. அவருக்கு அதில் ரொம்பச் சந்தோஷம். "நல்ல பேராத்தான் வச்சிருக்காரு. ஆனா பத்திரிகை அடிச்ச பொறவுல்லா எங்கிட்ட வாராங்க" என்றார்.

பாளையங்கோட்டையில் இருந்து ஒரு பேங்க் அதிகாரி காரில் ஒரு லேப்ரடார் நாயைக் கொண்டுவந்தார். நல்ல கொழுகொழு நாய். வயது அதிகம் இல்லை, ஆனால் எழுந்திருக்கக் கஷ்டப்பட்டது. வழுக்கி விழுந்திருக்கும், சுளுக்காக இருக்கும் என்று அவரே சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா அவரைத் தெருவிலே நாயைப் பிடித்துக்கொண்டு நடக்கச் சொன்னார். பேண்ட், சட்டை, ஷூ எல்லாம் போட்டுக்கொண்டு அவர் எங்கள் மில் வாசலைத் தாண்டி நடக்கிறார். டாக்டரம்மா பின்னாலேயே குனிந்து, நாயின் இடுப்பைப் பார்த்துக்கொண்டே வருகிறார். டீக்கடையில் எல்லோரும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள்.

"முயல் மாதிரி ரெண்டு பின்னங்காலையும் சேர்த்து வைக்குது பாருங்க. இது சுளுக்கு இல்ல சார். இடுப்பு மூட்டு கிண்ணத்துல சரியா உக்காரல. வளரும்போதே அப்படி. இந்தச் சாதியில நெறய வரும். தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்திருக்கும்."

"வாங்கும்போது நல்ல சாதின்னு சொன்னாங்களே?"

"நல்ல சாதிதான். அதோட இடுப்பும் சாதியோடதான வரும்."

பிறகு கோபத்தை எல்லாம் விட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார். எடையைக் குறைக்க வேண்டும், நெய்ச் சோறு வேண்டாம், மாடிப்படி ஏற்றக் கூடாது, வீட்டில் வழவழவென்று டைல்ஸ் போட்டிருந்தால் நாய் நடக்கிற இடத்தில் சாக்கு விரிக்க வேண்டும், வலிக்கு மாத்திரை தருகிறேன், தாமிரபரணியில் முட்டளவு தண்ணீரில் தினமும் கொஞ்ச நேரம் நடக்க விடுங்கள் என்று. "இது சரியாப் போயிரும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா நல்லா இருக்க வைக்கலாம்" என்றார்.

அதுதான் அவர் வழக்கம். ஆறுதலுக்காக ஒரு வார்த்தை கூடச் சொல்லமாட்டார். அதே சமயம், கைவிட்டுவிட்டார் என்று யாரும் நினைத்துக்கொண்டு வெளியே போனதும் இல்லை.

ஒரே ஒரு நாள் அவர் கண் கலங்கிப் பார்த்திருக்கிறேன். சென்னையில் இருக்கும் மகன் வாங்கிக் கொடுத்தது என்று வயதான தம்பதி ஒரு சப்பை மூக்கு நாயைக் கூடையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார்கள். அக்னி வெயில். நாய்க்கு நாக்கு நீலம் பாரித்து, குறட்டை விடுகிற மாதிரி மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. டாக்டரம்மா ஓடி வந்து எங்கள் மில்லுக் குழாயடியில் அதைப் போட்டுத் தண்ணீர் விட்டார். நான் காற்றாடியை இழுத்துக்கொண்டு வந்து வைத்தேன். அரைமணி நேரத்தில் அது பிழைத்துக்கொண்டது.

"அழகா இருக்குன்னு மூக்க அமுக்கி அமுக்கி, தலைமுறை தலைமுறையா வளர்த்திருக்காங்க. இதுக்கு மூச்சு எங்கன வழியாப் போகும்? எந்தத் தாயப் பார்த்தாலும் இதே மூக்குதான். இதுக்கு நான் யாரப் போய்க் கேக்க?" என்று ஈரக் கையோடு நின்றுகொண்டு என்னிடம் சொன்னார். அதுதான் அவர் என்னிடம் பேசிய முதல் நீளமான பேச்சு. நான் தலையை ஆட்டினேன். குழாயை மூடினேன்.

அன்றிலிருந்து பதினோரு மணிக்கு மில்லுக்கு வந்து சீனி போடாத காப்பி குடிப்பார். "எங்க அம்மைக்குச் சுகர், அப்பாவுக்கும் சுகர். எனக்கு யாரு சம்பந்தம் பேசி வச்சாங்களோ" என்று சிரிப்பார். சொந்தத்துக்குள்ளேயே நாயைச் சேர்த்துக் குட்டி எடுக்கக் கூடாது என்றும் சொல்வார். ஒரு தடவை கேழ்வரகு அரைக்க வந்தவர் அவரை மடக்க நினைத்து, "நாங்க அத்தை மகளத்தான் கெட்டுதோம், தலைமுறையா நல்லாத்தான இருக்கோம்? நாய்க்கு மட்டும் என்ன வந்துச்சு?" என்று கேட்டார். டாக்டரம்மா காப்பியை ஊதிக்கொண்டே, "உங்க வீட்டுக் கதைய நான் கேக்கலையே அண்ணாச்சி. நான் மாட்டு டாக்டர்லா" என்றார். மில்லே சிரித்தது.

இனி ராணியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் வீட்டுக்காரருக்கு அண்ணன், எங்களுக்குப் பெரிய அத்தான், அம்பாசமுத்திரம் பக்கம் வாழையும் தென்னையும் வைத்திருக்கிறார். அவருக்கு ராஜபாளையம் நாய் என்றால் உயிர். உடம்பில் ஒரு பொட்டு நிறம் இருக்கக் கூடாது. பால் வெள்ளை, மூக்கு ரோஸ். வேறு நிறம் தட்டினால் அது அவர் கணக்கில் நாயே இல்லை. பாண்டியன் என்று ஓர் ஆண் நாய் வைத்திருந்தார். அதன் குட்டி என்றால் அந்தப் பக்கத்தில் பெரிய மனிதர்கள் எல்லாம் சொல்லி வைத்து வாங்குவார்கள். அதில் ஒரு பெட்டைக் குட்டியை எங்கள் மில்லுக்குக் காவலுக்கு இருக்கட்டும் என்று கொடுத்தார். அதுதான் ராணி.

ராணி வந்த நாளில் இருந்தே எங்களுக்குப் பெருமை. ஏனென்றால் மில் ஓடும்போது, அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்கிறவர் பேசுவதே கேட்காது. மிளகாய் அரைக்கிற மிஷினைப் போட்டால் தெருநாய்கள் எல்லாம் அந்தப் பக்கம் ஓடிவிடும். இந்தக் குட்டி மிஷின் காலடியிலேயே சுருண்டு தூங்கும். தீபாவளிக்குத் தெருவே வெடித்தது. ஊரில் உள்ள நாய்கள் எல்லாம் கட்டிலுக்கு அடியில் இருந்தபோது ராணி வாசலில் உட்கார்ந்து மத்தாப்பை வேடிக்கை பார்த்தது.

"ஏ யப்பா, என்ன தைரியம்! சிங்கம்லா பெத்துப் போட்டிருக்கு!" என்று டீக்கடைக்காரர் சொன்னார். அரைக்க வந்தவர்கள் எல்லாம் அதைப் பார்த்துவிட்டுப் போய் ஊர் முழுக்கச் சொன்னார்கள். கூப்பிட்டால் அது வராது. அதையும் நாங்கள் குறையாக நினைக்கவில்லை. ராஜபாளையம் நாய் என்றால் கொஞ்சம் கர்வம் இருக்கும், எஜமானுக்கு மட்டும்தான் அடங்கும் என்று பெரிய அத்தான் முன்பே சொல்லியிருந்தார்.

ராணியின் தைரியம் அவர் காதுக்குப் போனதும் அவருக்கு ஒரே குஷி. போனில் என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டார். "அடுத்த தடவை பருவம் வரும்போது இங்கன கொண்டு வந்துரு. பாண்டியனோடயே சேர்ப்போம். இப்படி ஒரு தைரியம் வெளிய போகக் கூடாதுலே. சுத்தமா நிக்கணும்." பிறக்காத குட்டிகளை யார் யாருக்கு என்று சொல்லியும் வைத்துவிட்டார். தன் மகளைக் கொடுத்திருக்கிற சம்பந்தி வீட்டுக்குக்கூட ஒன்று.

வெறிநாய்த் தடுப்பூசி போடுவதற்காக ராணியைக் கூட்டிக்கொண்டு நான் தெருவைத் தாண்டினேன். காப்பிக்கு வரும்போதெல்லாம் அது மிஷின் காலடியில் தூங்கிக்கொண்டிருக்கும், அதனால் டாக்டரம்மா அதுவரை அதைச் சோதித்துப் பார்த்தது இல்லை. இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்விதானே, பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.

"தாய் எங்க இருக்கு?"

"எங்க பெரிய அத்தான் தோட்டத்துல. தகப்பனும் அங்கனதான். அடுத்த பருவத்துக்கு அது தகப்பனோடயே சேர்க்கப் போறோம்."

டாக்டரம்மா ஊசியைக் கீழே வைத்தார். ராணி கதவுக்கு வெளியே போகிற ஆட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. டாக்டரம்மா பைய நடந்து அதற்குப் பின்னால் போய் நின்றார். என்னைப் பேசாமல் இருக்கச் சொல்லிக் கை காட்டினார். பிறகு ஸ்டீல் தட்டையும் கத்தரிக்கோலையும் எடுத்து ஒன்றோடு ஒன்று அடித்தார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வெளியே நின்ற ஆடு துள்ளியது. ராணி திரும்பவில்லை.

"தரையில தட்டியிருந்தா திரும்பியிருக்கும். காலுக்கு அதிர்வு தெரியும். நிழல் ஆடினாலும் திரும்பும்" என்றார். இன்னும் இரண்டு தடவை, பக்கத்துக்கு ஒரு தடவையாக அடித்துப் பார்த்தார். அப்புறம் என் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"இதுக்குக் காது கேக்காதும்மா. பொறந்ததுல இருந்தே கேக்காது. வெள்ளை வெள்ளைன்னு தேடி வளர்க்குத நாய்கள்ல இது வரும். காதுக்கு உள்ளயும் அந்த நிறம் கொஞ்சம் வேணும். அது இல்லாமப் போனா காது செத்துரும். மருந்து கிடையாது."

மிஷின் காலடியில் தூங்கிய தைரியம், மத்தாப்பு பார்த்த தைரியம் எல்லாம் ஒரு நொடியில் என் கண் முன்னால் வந்து போயிற்று. தெருவே கொண்டாடியதே, நாங்கள் அதை வைத்து எவ்வளவு பெருமை பேசினோம்!

"நாய் நல்லா இருக்கும். அதுக்கு ஒரு குறையும் தெரியாது, அதுக்கு உலகமே இப்படித்தான். ஆனா குட்டி எடுக்கக் கூடாது. அதுவும் தகப்பனோட, கூடவே கூடாது."

நான் ராணியின் சங்கிலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அதற்குக் காரணம் வேறு. காது கேட்காத குட்டி என்று தெரிந்தால் எங்கள் பக்கத்தில் யாரும் வைத்துக்கொள்ளமாட்டார்கள். ராணியோடு பிறந்த ஒரு குட்டி சொன்ன பேச்சே கேட்கவில்லை, திமிர் பிடித்தது என்று பெரிய அத்தான் அதை வேனில் ஏற்றித் திருச்செந்தூர் ரோட்டில் எங்கேயோ இறக்கிவிட்டு வந்ததாக அவரே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். லாரி வருகிற சத்தம் கேட்காத குட்டி அந்த ரோட்டில் எத்தனை நாள் இருந்திருக்கும்? ராணிக்கும் இது என்று தெரிந்தால் வந்து கொண்டுபோய்விடுவார். அவரிடம் வேண்டாம் என்று சொல்லிப் பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை. நான் கல்யாணமாகி வந்ததில் இருந்து அவரிடம் நேருக்கு நேர் ஒரு வாக்கியம் பேசியது கிடையாது. அவர் வந்தால் காப்பியை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன்.

"பெரிய அத்தான்கிட்ட இதச் சொல்லாதீங்க டாக்டரம்மா" என்றேன்.

"சொல்லாம இருந்தா அங்கன இன்னொண்ணு இதே மாதிரி பொறக்கும். ஆனா உங்க நாய், உங்க வீட்டு ஆளு. நான் பேசப் போகல. நான் தாயப் பார்க்கணும். ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போறீங்களா?"

ஞாயிற்றுக்கிழமை ராணியை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு, நாங்கள் இரண்டு பேரும் பஸ் மாறி மாறி அம்பாசமுத்திரம் போனோம். வழியெல்லாம் அவர் ஜன்னல் வழியே வயலைப் பார்த்துக்கொண்டு வந்தார். நான் முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டே வந்தேன்.

பெரிய அத்தானுக்கு டாக்டரே வீடு தேடி வந்ததில் பெருமை. இளநீர் வெட்டிக் கொடுத்தார். "என் நாயப் பத்தி ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் தெரியுதா? பாரும்மா!" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் தூணைப் பார்த்தேன்.

டாக்டரம்மா முதலில் தாய் நாயைத்தான் பார்த்தார். வாயைத் திறந்து பார்த்தார், தோலைத் தடவினார், பின்னால் நின்று சாவிக்கொத்தை ஆட்டினார். அது உடனே டக்கென்று திரும்பியது. இந்தப் பக்கம் ஆட்டினார், இந்தப் பக்கம் திரும்பியது. அந்தப் பக்கம் ஆட்டினார், அந்தப் பக்கம்.

"தாய் நல்லா இருக்கு" என்று என்னிடம் சொன்னார். கொஞ்சம் அசடு வழிகிற மாதிரி சிரித்தார். "இவ்வளவு காலமா தாயையே கேட்டுட்டுத் திரியுதேன். தகப்பனையும் கேக்கணும் போலுக்கு."

பாண்டியன் பெரிய உருவம். நிஜமாகவே ராஜா மாதிரிதான் இருந்தது. பெரிய அத்தான் அதன் குணத்தைச் சொல்ல ஆரம்பித்தார். "இவன் மத்த நாய் மாதிரி எடுத்தவுடனே பாய மாட்டான். சத்தம் கேட்டா ஒரு சுத்து சுத்தி நாலு பக்கமும் பார்த்துட்டுத்தான் போவான். நிதானம். ஒரு தளபதிக்கு உள்ள நிதானம்."

"எங்க, எனக்கு அதக் காட்டுங்க அண்ணாச்சி" என்றார் டாக்டரம்மா. "இவன் கண்ணுல படாம அந்தத் தென்னைக்குப் பின்னால நின்னுட்டுக் கூப்பிடுங்க. நீங்க கூப்பிட்டாத்தான வருவான்."

பெரிய அத்தான் உற்சாகமாகப் போய் நின்று, "பாண்டியா!" என்றார். நாய் வலது பக்கம் திரும்பியது. அங்கே ஆள் இல்லை. ஒரு சுற்று சுற்றியது, பிறகு கண்டுபிடித்து ஓடியது.

"பார்த்தீங்களா நிதானத்த!"

"பார்த்தேன். இப்ப அந்தப் பக்கம், மோட்டார் ரூமுக்குப் பின்னால."

மறுபடியும் வலது பக்கம்தான் திரும்பியது. பம்ப் செட்டில் இருந்து கூப்பிட்டார், வலது பக்கம். வாழைக்குள் இருந்து கூப்பிட்டார், அதற்கும் வலது பக்கம். டாக்டரம்மா அதற்குப் பிறகு இடம் எதுவும் காட்டவில்லை. ஆனால் பெரிய அத்தான் நிறுத்தவில்லை. அவராகவே இடம் மாறி மாறிப் போய் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். முதலில் இருந்த குரல் இல்லை. கடைசியில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார்.

"இவனுக்கு என்ன டாக்டரம்மா?"

"ஒரு காது கேக்குது, ஒரு காது கேக்கல. சத்தம் வாறது தெரியும், எங்கன இருந்து வருதுன்னு தெரியாது. அதனாலதான் சுத்துதான். ஒண்ணு இருந்ததுனால இன்னொண்ணு இல்லாதது தெரியாமப் போச்சு. ராணிக்கு ரெண்டுமே இல்ல."

சொல்லிவிட்டார். நான் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

பெரிய அத்தான் பாண்டியனின் இடது காதை மடக்கி மடக்கி விட்டுக்கொண்டிருந்தார். "இவனோட தாயும் கூப்பிட்டாத் திரும்பாது. கர்வம்னு நெனச்சேன்" என்றார். பிறகு, அவருக்கு எப்போதும் வருகிற அந்த அதிகாரக் குரல் வந்துவிட்டது. என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, ராணிய இங்கன கொண்டு விட்டுரச் சொல்லு. மில்லுக் காவலுக்குக் காது இல்லாத நாய் எதுக்கு? நான் பார்த்துக்கிடுதேன். நல்ல காது உள்ளதா ஒண்ணு தாரேன்."

'நான் பார்த்துக்கிடுதேன்' என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். டாக்டரம்மா ஏதாவது சொல்வார் என்று அவரைப் பார்த்தேன். இப்படி ஒரு நேரத்துக்குத்தானே அவரை இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்தேன்? அவரோ தாய் நாயின் காலில் இருந்து உண்ணியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். தலை நிமிரவே இல்லை.

"என்னம்மா, கேட்டுதா?"

"வேண்டாம் அத்தான்" என்றேன்.

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. பெரிய அத்தான் புரியாமல் பார்த்தார்.

"ராணி எங்கிட்டயே இருக்கட்டும். குட்டி எடுக்கப் போறதில்ல. டாக்டரம்மாட்டச் சொல்லி ஆபரேஷன் பண்ணப் போறேன். பாண்டியனையும் இனி எதோடயும் சேர்க்காதீங்க அத்தான். அது பாட்டுக்கு இருக்கட்டும்."

பெரிய அத்தான் பாண்டியனின் காதை விட்டுவிட்டார்.

"ஏ யம்மா," என்றார் பெரிய அத்தான், "ஒனக்கு வாய் உண்டா? இத்தனை வருஷமா என் தம்பி ஒரு ஊமையக் கெட்டிருக்கான்னுல்லா நெனச்சேன்!"

சிரிக்கிறாரா திட்டுகிறாரா என்று தெரியவில்லை. டாக்டரம்மாவிடம் திரும்பினார். "குட்டி தாரேன்னு நான் வாக்குக் குடுத்திருக்கேனே. அவங்ககிட்ட நான் என்ன பதில் சொல்ல?"

"காது கேக்காத குட்டி பொறக்கும்னு சொல்லுங்க அண்ணாச்சி. அவங்களுக்குக் காது கேக்கும்லா" என்றார் டாக்டரம்மா, உண்ணியைக் கல்லில் வைத்து நசுக்கிக்கொண்டே.

இப்போது பெரிய அத்தான் நிஜமாகவே சிரித்துவிட்டார். சிரித்து முடித்ததும் பாண்டியனைக் கூட்டிக்கொண்டு வாழைக்குள் போய்விட்டார். நாங்கள் புறப்படும் வரை வரவில்லை. ஆனால் போகும்போது ஒரு தார் பழத்தை வெட்டி வாசலில் வைக்கச் சொல்லியிருந்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் நான் டாக்டரம்மாவிடம் கேட்டேன். "நீங்க ஏன் ஒரு வார்த்தை எனக்காகச் சொல்லல?"

"நான் சொல்லியிருந்தா அது டாக்டர் சொன்னது. நாளைக்கு எனக்கு மாத்தல் வந்துரும். மறுநாளே உங்க அத்தான் வேனோட வந்து நிப்பாரு. நீங்க சொன்னாத்தான் அது நிக்கும்."

அவர் சொன்னபடியே மாற்றல் வந்தது. எந்த ஊர் என்று சொன்னார், வடக்கே எங்கேயோ. பிறகு வேலையில் இருந்து ஓய்வு பெற்றுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். போன் நம்பர் வாங்கி வைத்துக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை. வாங்கியிருந்தாலும் போன் போட்டு என்ன பேசியிருப்பேன்? நன்றி என்று சொல்ல எனக்கு அப்போதும் வாய் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

போவதற்கு முன்னால் ராணியோடு எப்படி இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொடுத்தார். தூங்கும்போது பின்னால் இருந்து தொடக் கூடாது, மூக்குக்குப் பக்கத்தில் கையைக் காட்டினால் வாசனை பிடித்து எழுந்துகொள்ளும். கூப்பிட வேண்டும் என்றால் தரையில் காலைத் தட்டலாம், லைட்டைப் போட்டு அணைக்கலாம். வா, உட்கார், போதும் என்பதற்கு எல்லாம் கை. சங்கிலி இல்லாமல் ரோட்டுக்கு விடவே கூடாது. எனக்கு இது ஒன்றும் கஷ்டமாக இல்லை. பேசாமலே எல்லாவற்றையும் சொல்லலாம் என்றால் எனக்கு அதைவிட என்ன வேண்டும்?

ஊரை விட்டுப் போகிற வாரத்தில்தான் ராணிக்கு ஆபரேஷன் செய்தார். ஆடு மாடு எல்லாம் வருவதற்கு முன்னால், காலையிலேயே. நான் வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். முடிந்ததும் கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டார்.

"உள்ள வாங்க. மயக்கம் தெளியுற நேரம். மத்த நாய்னா பேரச் சொல்லிக் கூப்பிடச் சொல்லுவேன். இத எப்படிக் கூப்பிட? கண்ணத் தொறக்கும்போது யாரும் இல்லைன்னா பயந்து, தையலப் பிச்சிரும். அதுக்கு நேரா உங்க மூஞ்சி தெரியணும்."

சிமெண்டுத் தரையில் சாக்கு விரித்து ராணியைக் கிடத்தியிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"உக்காந்தா தெரியாது. படுங்க."

வாசலில் ஆட்டுக்காரர்கள் இரண்டு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீக்கடைக்காரரும் வந்து எட்டிப் பார்த்தார். பஸ்ஸில் ஆம்பிளைகள் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள் நான். சேலையை இழுத்து விட்டுக்கொண்டு அந்தத் தரையில் ஒருக்களித்துப் படுத்தேன். சிமெண்டு குளிர்ந்தது. மருந்து வாசனை. ராணியின் மூக்குக்கும் என் மூக்குக்கும் ஒரு சாண் தூரம் இருக்கும்.

"என்னம்மா இது கூத்து?" என்றது வாசலில் ஒரு குரல்.

"பேசாம நில்லுங்க. வெளிச்சத்த மறைக்காதீங்க" என்றார் டாக்டரம்மா. பிறகு அவரும் வந்து, ராணிக்குப் பின்னால் முழங்காலை மடித்து உட்கார்ந்து, அதன் விலாவில் கையை வைத்து மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ராணியின் இமை துடித்தது. ஒரு கண் பாதி திறந்தது, மங்கலாக, எங்கேயோ பார்த்தது. முன்னங்கால் உதற ஆரம்பித்தது. டாக்டரம்மா, "இன்னும் கிட்டப் போங்க" என்றார். போனேன். அந்தக் கண் மெல்ல நகர்ந்து என் முகத்தில் வந்து நின்றது. கால் உதறல் நின்றது.

சாக்கின் மேல் அதன் வால் ஒரு தடவை அசைந்து விழுந்தது.